விரியாத முனை

அநியாயம் முதலில் நடந்தது அந்தப் பெண்மானுக்கு. எனக்கு நடந்தது இரண்டாவது, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னதும்கூட, அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் தீபாவளிக்கு முதல் நாள் காலை, மரத்தில் கட்டிய இருக்கையிலிருந்து நான் விட்ட அம்பு அதன் விலாவில் அரைச் சாண்கூட இறங்காமல் நின்றது. ஈரலில் அடிபட்ட மானை நாலைந்து மணித்தியாலம் அதன்பாட்டில் விடவேண்டும் என்பது தெரிந்திருந்தும் அம்மாவின் தம்பி ரூபன் மாமா இருபதாவது நிமிடத்தில் மரத்தால் இறங்கி அதன் பின்னால் போனார். மான் எங்கே போய் விழுந்தது, எவ்வளவு நேரம் எடுத்துச் செத்தது, ஒருவருக்கும் தெரியாது. அடுத்த நாள் மாமா வீட்டில், அறுபது எழுபது பேருக்கு நடுவில், கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியும் சோறுமாக நான் தட்டோடு நின்றபோது மாமா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "மான் கிடைச்சிருக்கும். பிள்ளைக்குக் கை நடுங்கிட்டுது." கலா அன்ரி உடனே, "பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டுபோய் மரத்தில ஏத்தினால் நடுங்காமல் என்ன செய்யும்?" என்றார். சிரிப்பு. இதுதான் எனக்கு நடந்தது. அரை மதிப்பெண்ணுக்காக விரிவுரையாளரின் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று வாதாடுகிறவள், பஸ் ஓட்டுநரோடு, வங்கிக்காரியோடு, கோயிலில் செருப்பு வைக்கிற இடத்துக்காகத் தலைவரோடு, எல்லாரோடும் வாதாடுகிறவள், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இறைச்சியை மென்றுகொண்டு நின்றேன். ஏன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்பதும் பெரிய சொல்தான், செருப்புக்குள் போன கல்லோடு நடப்பதை யோசிப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த வருடத் தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள், இப்போது பின்னேரம் இரண்டரை. நானும் ஹர்லீனும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறை மேசையில் மாவு நிறுக்கிற தராசு, இரண்டு அம்பு, ஒரு சின்னப் பெட்டி நிறைய முனைகள், கவிழ்த்து வைத்த தொலைபேசி. கவிழ்த்து வைத்திருப்பதற்குக் காரணம் மாமா குடும்பக் குறூப்பில் காலையில் போட்ட செய்தி. 'யது, நாளைக்கு விடிய ஆறுக்கு வாறன். போன முறை அம்பையே கொண்டு வா, முனை நான் புதுசு வாங்கி வைச்சிருக்கிறன், விரியிறது. இந்த முறை கை நடுங்காமல் சத்துணவு ஏதும் சாப்பிட்டிட்டு வா.' அதற்குக் கீழே பதினொரு சிரிப்பு முகம். பத்தைப் பொறுத்துக்கொள்வேன். பதினோராவது அம்மாவுடையது. அம்மா கெட்ட எண்ணத்தோடு போட்டிருக்கமாட்டார், வேலை இடைவேளையில் கையுறையைக் கழற்றி, தம்பி ஏதோ பகிடி எழுதியிருக்கிறான் என்று பார்த்து, எல்லாரும் அமத்துகிறார்களே என்று தானும் அமத்தியிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். யோசிக்காமல் அமத்துவதற்குத்தான் இந்த உலகத்தில் எல்லாரும் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். பதில் போடவேண்டும். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ. வந்தால் எந்த அம்போடு. இந்தக் கேள்விக்கு இரண்டு மணித்தியாலமாகப் பதில் தேடுகிறேன் என்றால் வெளியில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், அம்புதானே என்பார்கள். அம்புதான். அம்பின் எடையைக் கிராமில் சொல்வதில்லை, கிரெயினில் சொல்வார்கள், பதினைந்து கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம். இடது பக்கம் கிடப்பது மாமா எனக்காகத் தெரிந்தெடுத்த அம்பு, முனையோடு சேர்த்து முந்நூற்று நாற்பது. வலது பக்கம் கிடப்பது நான் கோடை முழுக்க வெட்டி, தண்டின் வாய்க்குள் பித்தளைத் துண்டு வைத்து, பசை காயவைத்துச் செய்தது, நானூற்று எழுபது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது கிராம் இருக்குமா? ஒரு பெரிய கரண்டி சீனிகூட இல்லை. இந்த ஒன்பது கிராமில்தான் ஒரு மான் ஓட்டத்திலேயே விழுந்து சாவதும் மூன்று நாள் கிடந்து சாவதும் இருக்கிறது என்று நான் சொன்னால், மாமா, "ஸ்பீட் பிள்ளை, ஸ்பீட். அம்பு எண்டால் போறது தெரியப்பிடாது" என்பார். அவரிடம் இருக்கிற இயற்பியல் முழுவதும் இந்த ஒரு வசனம்தான். அவருடைய வில்லை இழுக்க அறுபத்தைந்து இறாத்தல் பலம் வேண்டும், என்னுடையதற்கு நாற்பத்திரண்டு. அறுபத்தைந்து இறாத்தலில் போகிற அம்புக்கு எந்த முனையை மாட்டினாலும் மானுக்குள்ளால் போய் அந்தப் பக்கம் மண்ணில் குத்தி நிற்கும், அவர் எதையும் யோசிக்கத் தேவையில்லை, ஆகவே யோசித்ததும் இல்லை. தன் கையால் என் வில்லை அளந்தார். முழுப் பிழையும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பிழைக்கு என் பெயரை வைத்தார்கள்.

பெட்டியில் இருந்து விரிகிற முனையை எடுக்கிறேன். அழகான சாமான், அதையும் சொல்லவேண்டும். பறக்கும்போது மூன்று அலகும் உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும், காற்று பிடிக்காது, பயிற்சி முனை எங்கே படுமோ அங்கேயே படும். தோலில் பட்டவுடன் அலகுகள் பின்னால் மடிந்து விரியும், இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டும். விளம்பரத்தில் அதைப் பூ விரிவது போல மெதுவாகக் காட்டுவார்கள். காட்டாதது, விரிவதற்கும் பலம் வேண்டும் என்பது. அந்தப் பலத்தை முனை அம்பிடமிருந்துதான் எடுக்கும், அம்பிடம் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். என் அம்பிடம் என்ன இருந்தது? லேசான அம்பு, சின்ன வில், மான் கொஞ்சம் சரிந்து நின்றது, நேர் பக்கவாட்டில் இல்லை, ஒரு அலகு முதலில் விலா எலும்பில் பட்டு மற்ற இரண்டுக்கும் முன்னால் விரிந்திருக்கவேண்டும், அம்பு வளைந்தது, அதை நான் கண்ணால் கண்டேன், அம்பின் வால் பக்கம் ஒருக்கால் துடித்தது. வெட்டிய சத்தம் கேட்கவில்லை. ஈரமான மெத்தையைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. மற்றது, விரியாத முனை, ஒற்றை உருக்குத் தகடு, இரண்டே அலகு, அசைகிற பாகம் ஒன்றும் இல்லை, எழுதுகிற பேனா மூடியைப் போல ஒரு சாமானியமான உருவம். இதற்கு விரிகிற வேலை இல்லை, போகிற வேலை மட்டும்தான். எலும்பில் பட்டால் எலும்பைப் பிளக்கும். வெட்டு ஒடுக்கம், இரத்தம் குறைவாகச் சிந்தும், பின்தொடர்வது சிரமம் என்று மாமா சொல்வார், அதில் உண்மை இருக்கிறது, அவர் சொல்வதில் பாதி உண்மை எப்போதும் இருக்கும், அதுதான் அவரோடு வாதாடுவதில் உள்ள கரைச்சல். பாரமான அம்பு சீக்கிரம் தாழும் என்பதும் உண்மை. இருபது மீற்றருக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் ஒரு கையளவு தாழும். தூரத்தை நான் பிழையாக மதித்தால் நெஞ்சுக்கு விட்டது முன்னங்காலில் படும், கால் முறிந்த மான், அது இன்னும் மோசம், அப்போது எல்லாரும் என்ன சொல்வார்கள், சொல்வதை விடு, அந்த மான் மூன்று காலில் பனிக்குள் என்ன செய்யும். இந்த இடத்துக்கு வந்ததும் என் வாதம் ஒவ்வொரு முறையும் தடக்கி விழுகிறது. எழுந்து திரும்ப முதலிலிருந்து வருகிறேன். இருபது மீற்றருக்கு மேல் விடாதே. அவ்வளவுதான். விடாமல் இருப்பதற்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆனால் நான் இந்த மேசையில் அளந்துகொண்டிருப்பது அம்பை மட்டும் என்று சொன்னால் பொய். அந்த மான் படுத்த புல்லையும் அளக்கிறேன். மான் ஓடிய இடத்தில் முதல் இரத்தம் கண்டது நான்தான், மேப்பிள் இலையில், பிளம்ஸ் பழத்தோல் நிறம். "மாமா, கறுப்புச் சிவப்பு. ஈரல். இதை விடோணும், பின்னேரம் வருவம்" என்றேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த இரத்தத்தைக் காட்டுகிறேன், அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய கணக்கு எனக்குத் தெரியும். நாளைக்குத் தீபாவளி, மான் இறைச்சி என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம் தொடங்கும், மாமாவும் மாமியும் ஆறு நாளும் பிடிப்பார்கள், அதற்கு முதல் வீடு கழுவவேண்டும், ஃபிரீசருக்குள் ஒரு மீன் முள்ளுகூட இருக்கக்கூடாது. விரதத்துக்கென்று மாமா வருடாவருடம் ஒரு கிழமை லீவு எடுப்பார், அந்த லீவின் முதல் நாள்தான் எங்களுடைய வேட்டை நாள், வேறு நாள் அவருக்கு இல்லை. ஆகவே மான் அன்றைக்கே விழவேண்டும், அன்றைக்கே உரிக்கவேண்டும், நாளைக்கே சமைத்து நாளைக்கே சாப்பிட்டு முடிக்கவேண்டும். முருகனுக்கு விரதம் பிடிப்பதற்காக ஒரு சீவனை அவசரப்படுத்தினோம். இதை நான் கோயிலில் எழுந்து நின்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ஒலிபெருக்கியை நிறுத்துவார்கள். "இருபது நிமிசம் விட்டாச்சுத்தானே, உள்ளுக்குள்ள வெட்டு விழுந்த மான் எவ்வளவு தூரம் போகும்? வா" என்றார் மாமா. நான் போனேன். இதுவும் உண்மை. இரண்டு முறை 'வேண்டாம் மாமா' என்றேன், மூன்றாவது முறை சொல்லாமல் பின்னால் போனேன். நூறு அடி தாண்டியிருக்கமாட்டோம், மான் எழுந்தது. அது அங்கே படுத்துவிட்டிருந்தது. படுத்த மான் அங்கேயே சாகும், அதனுடைய உடம்புக்கு அது தெரியும், சாவதற்கு இடம் பார்த்துப் படுத்திருந்தது, நாங்கள் போய் எழுப்பினோம். எங்களைத் திரும்பிப் பார்த்தது என்று எழுத எனக்கு விருப்பம், ஆனால் பார்க்கவில்லை, பார்க்க அதற்கு நேரம் இல்லை. ஓடையைக் கடந்து, எங்களுக்கு அனுமதி இல்லாத அடுத்த காணிச் சோளத்துக்குள் போய் மறைந்தது. அந்தக் காணிக்காரரைப் பிடித்து அனுமதி வாங்கும்போது பின்னேரம், மழை வந்து எல்லாவற்றையும் கழுவியிருந்தது. மாமா ஓடைப்பக்கம் போனபோது நான் அது படுத்திருந்த புல்லில் கையை வைத்தேன். சூடு. யாரோ இப்போதுதான் எழுந்துபோன கட்டில் மாதிரி. அந்தச் சூட்டுக்கு எத்தனை கிரெயின்?

ஹர்லீன் தேத்தண்ணி போட வந்தாள். பஞ்சாபிப் பிள்ளை, முட்டைகூடத் தின்னமாட்டாள், மேசையில் கிடக்கும் முனைகளைச் சுற்றிக்கொண்டு, புதிதாய் மெழுகிய தரையில் நடப்பது போல வந்து கேத்திலைத் தூக்கினாள். முதல் வருடம் அவளோடு நான் இரண்டு கிழமை வாதாடியிருக்கிறேன். கடையில் பிளாஸ்டிக் சுற்றிக் கிடக்கிற கோழியைவிட இது யோக்கியமானது, ஓநாய் இல்லாத காட்டில் மான் பெருகினால் பனிக்காலத்தில் பட்டினி கிடந்து சாகும், தின்கிற இறைச்சியின் சாவை நானே பார்த்துப் பொறுப்பெடுக்கிறேன் என்றெல்லாம். வென்றேன் என்று நினைத்தேன். பொறுப்பெடுக்கிறேன் என்ற சொல்லை நினைக்க இப்போது காது சுடுகிறது. "நாளைக்குப் போறியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தெரியாது என்றேன். மாமாவின் செய்தியை மொழிபெயர்த்துச் சொன்னேன், பதினொரு சிரிப்பு முகத்தையும் சொன்னேன், அம்மாவுடையதை மட்டும் சொல்லவில்லை. அவள் ஏலக்காயை நசுக்கிக்கொண்டே கேட்டாள், "சரி, நடுங்கினதா?" "என்ன?" "உன் கை." "அதில்லை பிரச்சினை, ஹர்லீன். அம்பு லேசு, முனை பிழை, பிறகு அந்த இருபது நிமிடம்..." "நான் அதைக் கேட்கவில்லையே" என்றாள். எரிச்சலே இல்லாமல் சொன்னாள். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு மேலே படியேறிப் போய்விட்டாள், எனக்கு ஒரு கோப்பை வைத்துவிட்டு.

ஒரு வருடத்தில் இதை ஒருவரும் கேள்வியாகக் கேட்கவில்லை. எல்லாரும் தீர்ப்பாகத்தான் சொன்னார்கள், தீர்ப்பு என்றால் நான் எதிர்ப்பேன், எதிர்த்துக்கொண்டே இருந்ததில் கேள்வி என் பக்கமே வரவில்லை. இப்போது வந்து மேசையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுங்கினதா? நாணை இழுத்துக் கன்னத்தில் பதித்தபோது மூச்சு புகையாகப் போனது. மான் தலையைக் குனிந்து எதையோ மணந்தது. வில்லில் பூட்டிய குறியின் பச்சைப் புள்ளி அதன் தோளுக்குப் பின்னால் நின்றது, நின்றதா, இல்லை, நிற்கவில்லை, அது நடந்தது, மேலே, கீழே, மேலே, அதன் விலா மூச்சில் ஏறி இறங்குவது போலவே என் புள்ளியும் ஏறி இறங்கியது, பச்சைப் புள்ளி சரியான இடத்தைக் கடக்கும்போது விட்டேன். கடக்கும்போது. நின்றபோது இல்லை. ஓம், நடுங்கியது. அதைச் சொல்லி முடித்ததும் கூரை விழும் என்று நினைத்தேனோ என்னவோ, தேத்தண்ணியில் ஆடை படிந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தத் தட்டோடு நின்றபோது வாயை அடைத்தது இதுதான். மாமா சொன்னது பொய் என்றால் நான் அந்த வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். அது பொய்யில்லை. உண்மையை எடுத்து மற்ற எல்லா உண்மைக்கும் மேல் போர்த்தி மூடினார், அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நடுங்காத கை யாருக்கு இருக்கிறது? இந்த மாமாதான் ஒரு பனிக்காலம் முழுக்க ஞாயிறு ஞாயிறாக என்னைப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர், என் விரல் விறைத்தால் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து ஊதியவர், "அவசரமில்லை, ஆறுதலா இழு, மான் உனக்காகத்தான் நிக்குது" என்று வைக்கோல் மானைக் காட்டிப் பகிடி விட்டவர். அவசரமில்லை என்று சொல்லத் தெரிந்த மனுசன். அவரை வெறுக்க முடிந்தால் எனக்கு இது எவ்வளவு லேசாக இருக்கும். யாரோ ஒரு கலா அன்ரி சொன்னதை நான் மறுநாளே மறந்துவிட்டேன், பார், மறக்கவில்லை, இப்போதும் சொல்கிறேன், ஆனால் அது சுடவில்லை. மற்றது சுடுகிறது. சரி, நடுங்கும். நடுங்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்கு. புள்ளி இரண்டு விரல் பிசகும், அம்பு எலும்பில் படும், மான் சரிந்து நிற்கும், எல்லாம் பிழையாகப் போகும். எல்லாம் பிழையாகப் போனபிறகும் உள்ளே போகவேண்டிய அம்பு எது? இப்படிக் கேட்டால் இரண்டு மணித்தியாலம் தேவையில்லை. நல்ல கைக்கு எது நல்ல அம்பு என்றுதான் இரண்டு பேரும் இவ்வளவு காலம் வாதாடியிருக்கிறோம், மாமா தன் கைக்கு, நான் எனக்கு இல்லாத ஒரு கைக்கு. நானூற்று எழுபதை எடுத்து விரியாத முனையைத் திருகுகிறேன். காகிதத்தை ஓரத்தால் தொட்டுப் பார்க்கிறேன், சத்தமில்லாமல் இரண்டாகிறது. அடுத்ததைத் திருகுகிறேன். மூன்றாவதைத் திருகும்போது தொலைபேசி மேசையை அதிரவைக்கிறது, எழுதிப் பதில் வராததால் கூப்பிடுகிறார்.

காருக்குள் இருக்கிறார், ஒலிபெருக்கியில். "என்னடி பிள்ளை, பெரிய ஆளாகிட்டியோ, குறூப்பில மறுமொழி இல்லை?" "வேலையா இருந்தனான் மாமா." பக்கத்தில் மாமி, "யது, இந்த முறையாவது நேரத்தோட கொண்டு வாங்கோ என்ன, மத்தியானத்துக்குப் பிறகு எண்டால் என்னால ஏலாது, வீடு கழுவக் கிடக்கு" என்றார். "கேட்டியோ, மேலிடத்து உத்தரவு" என்று மாமா சிரித்தார். பாதை ஓரத்தில் லொறி ஒன்று போகிற சத்தம். "மாமா, அந்த மானை நீங்கள் யோசிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, வேறு எதையோ கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "எந்த மான்?" என்றார். நடிக்கவில்லை. அவருடைய குரலில் உண்மையாகவே ஒரு மானும் இருக்கவில்லை. எனக்கு ஒரு வருடமாகச் சூடு ஆறாத புல், அவருக்கு எந்த மான். "ஓ, போன வருசத்து மானோ? நீ கை நடுங்கி அம்பு விட்டது. அதை விடு பிள்ளை, எல்லாருக்கும் முதல் தரம் அப்பிடித்தான். இந்த முறை அம்பு நான் சொன்னதுதானே? ஸ்பீட். ஆறு மணிக்கு வாசல்ல நில். என்ன, சத்தத்தைக் காணேல்லை, லைனில நிக்கிறியோ?"

"நிக்கிறன் மாமா. ஓம், போன வருசம் என்ர கை நடுங்கினதுதான், நாளைக்கும் நடுங்கும், அதாலதான் பாரமான அம்பும் விரியாத முனையும் கொண்டு வாறன். இருபது மீற்றருக்கு அங்கால விடமாட்டன். பட்டிட்டுது எண்டால், அது படுத்து அதின்ர பாட்டில சாகும் மட்டும் நானும் இறங்கன், நீங்களும் இறங்கப்பிடாது. மத்தியானம் ஆகும், பின்னேரம் ஆகும், தீபாவளிக்கு இறைச்சி இல்லாமலும் போகும், மாமிக்கு இப்பவே சொல்லுங்கோ. போன வருசம் நான் ரெண்டு தரம் வேண்டாம் எண்டனான், நீங்கள் மணிக்கூட்டைப் பாத்தனீங்கள், அதுவும் நடந்தது மாமா, என்ர கை நடுங்கினது மட்டும் நடக்கேல்லை. இதை இப்ப நான் குறூப்பிலயும் எழுதப்போறன். வாசிச்சிட்டு, அவ்வளவு நேரம் உங்களுக்கு இருக்கும் எண்டால் மட்டும் ஆறு மணிக்கு வாங்கோ."